குறைபாடு இல்லை, காற்று இல்லை

முப்பந்தலில் எனக்கு இரவுப்பணி.
நாற்பத்தொரு காற்றாலைகள், ஒரு திரை, ஒரு பதிவேடு.
காற்றின் வேகத்தை அரைமணிக்கொருதரம் எழுதவேண்டும்.
மிச்ச நேரம் என்னுடையது என்று
கம்பெனி சொல்லவில்லை. நானே வைத்துக்கொண்டேன்.

ஆரல்வாய்மொழி நூலகத்தில் எடுத்த நாவல்.
அட்டை போய், சாக்குநூலால் தைத்தது.
கால் விளங்காத ஒருத்தி தபால்காரியாகும் கதை.
எனக்கு முன்னால் வாசித்த யாரோ
'விடியும்' என்ற சொல் வருமிடமெல்லாம்
பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்.
கடைசிப் பக்கத்தில், அதே பென்சிலில்,
ஒரு வட்டிக்கணக்கு.

நான் அழுதது நூற்றெண்பத்தாறாம் பக்கத்தில்.
அங்கே அவள் ஒன்றையும் ஜெயிக்கவில்லை.
முதல் நாள் வேலைக்குப் போகுமுன்
தபால்பையின் வாரை ஒரு துளை தள்ளி மாட்டுகிறாள்,
அவ்வளவுதான்.
களவுபோன வீட்டைப் போலீஸ்காரர் பார்ப்பதுபோல்
அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன்.
எந்த வழியாக நுழைந்தான், எதைத் தொட்டான்.
பதினோரு வாக்கியம். கண்ணீர் என்ற சொல் இல்லை.
என் பதினேழாம் அத்தியாயத்தில் எண்ணினேன்.
ஒன்பது.

என் நாவலில் டெல்பின் என்றொருத்தி.
புயலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை.
பதினேழாம் அத்தியாயத்தில் பாறைமேல் ஏறிநின்று
"நான் தோற்கமாட்டேன்" என்று கடலிடம் சொல்கிறாள்.
சொன்னதும் சூரியன் உதிக்கிறது.
மேற்குக் கரை என்பது மறந்துபோய்
அதைக் கடலிலேயே உதிக்கவைத்திருந்தேன்.

ஆன்டோவிடம் படிக்கக் கொடுத்தேன். குறும்பனைக்காரன்,
பராமரிப்புப் பிரிவு,
கோபுரத்தின் உள்ளேணியில் எண்பது மீட்டர் ஏறி
கிரீஸ் கையோடு இறங்குகிறவன்.
மூன்று நாள் கழித்துத் தந்தபோது
பக்கமெல்லாம் அவன் பெருவிரல்.
"நல்லாத்தான் இருக்கு."
சற்றுப் பொறுத்து,
"பதினேழு அத்தியாயமா அந்தப் பொம்பள
ஒரு வாய் சோறு தின்னல்லியே ஓய்."
பிறகு கழிவுத்துணியில் கையைத் துடைத்தபடி,
"அவனுக்க செருப்ப என்ன செஞ்சா?"

தோவாளையில் பூக்கட்டுகிற வீட்டில் பிறந்தவன் நான்.
செருப்பு எனக்குத் தோன்றவேயில்லை.

"தூக்கிப் போடமாட்டாவ.
வச்சுக் கும்பிடவும் மாட்டாவ. வாசல்ல கெடக்கும்.
மழ பெய்யற ஒரு நாளு, அவசரத்துக்கு
அவளே அத இட்டுட்டு கொல்லைக்குப் போவா.
பெருசா இருக்கும்.
டப்பு டப்புன்னு கேக்கும்."
யாருடைய செருப்பு என்று நான் கேட்கவில்லை.
அவன் ஸ்பேனரைத் தேடிக்கொண்டு போனான்.

இன்றிரவு பாறையை எடுத்துவிட்டேன்.
சூரியனையும்.
சபதத்தை அடிக்கும்போது மட்டும் கை நின்றது.
அதை எழுதிய ராத்திரி
நானே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.
அண்ணனின் கடன்காரர்கள் வாசலில் நின்ற வருஷம்
இப்படிப்பட்ட சபதங்கள்தான்
நூலகம் மூடும்வரை என்னை உட்காரவைத்தன.
பொய் என்று சொல்ல வாய் வரவில்லை.
அடித்தேன்.

மழை, செருப்பு, கொல்லை என்று எழுதினேன்.
'டப்பு டப்பு' எழுத்தில் சரியாக விழவில்லை.
அழித்தேன். அதையே திரும்ப எழுதினேன்.
அதன்பின் ஒரு வரி வரவில்லை.

மூன்றரை. பதிவேட்டை இழுத்தேன்.
'பதினாலாம் எண் நிற்கிறது.
குறைபாடு இல்லை. காற்று இல்லை.'
எட்டு வருஷமாக இந்தப் பதிவேட்டில்
ஒரு சொல் கூடுதலாக நான் எழுதியதில்லை.

வெளியே போய் ஒண்ணுக்கிருந்துவிட்டு வந்தேன்.
இருட்டில் இறக்கைகள் சும்மா நின்றன,
கணவாயில் ஒரு லாரி கியர் மாற்றி ஏறியது.

டெல்பின் கொல்லையிலிருந்து திரும்பவேண்டும்.
கால் கழுவவேண்டும். சோறு வடிக்கவேண்டும்.
சம்பாவா ரேஷனா என்று
காலையில் ஆன்டோவிடம் கேட்கவேண்டும்.